கடல்கன்னி ஆணானால்

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் ‘குட்டிக் கடல்கன்னி’ கதையைத் திரும்ப எழுதுகிறீர்கள்; கடல்கன்னியை ஆணாக்கி எழுதினால் பெயரை மட்டும் மாற்றியது போலிருக்கிறது என்கிறீர்கள். மூலத்தை இன்னொரு முறை படியுங்கள். இளவரசன் அவளுக்கு ஆண் பணியாளின் உடை தைத்துக் கொடுத்துக் குதிரையில் கூட்டிப்போகிறான். இரவில் அவன் வாசலிலேயே வெல்வெட் திண்டில் படுக்கிறாள். உங்களுக்கு வேண்டிய காட்சி அங்கேயே இருக்கிறது! ஆண்டர்சன் இதை வெளியிட்டது 1837இல். அவர் உருகி உருகிக் கடிதம் எழுதிய நண்பர் எட்வர்ட் கோலினுக்கு அதற்கு முந்தைய ஆண்டுதான் கல்யாணம் ஆனது. அதனால் கால்களுக்கு விலையாகச் சூனியக்காரி நாக்கை வெட்டும் இடத்தில் அவசரப்படாதீர்கள். நாக்கு இருந்தாலும் உங்கள் நாயகனால் அந்த அரண்மனையில் வாய் திறக்க முடிந்திருக்குமா? அப்புறம், முடிவு சுபமாகவே இருக்கட்டும், சரி. ஆனால் இளவரசனின் கல்யாணக் கப்பலில் அவனைக் கொல்ல உங்கள் நாயகன் கத்தியோடு திரையை விலக்கும் நிமிடத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.