மட்டக்குதிரைக்கு அரிப்பு: ஸ்ப்ரேயா, போர்வையா, ஊசியா?

கேள்வி: வணக்கம் அக்கா. கொடைக்கானல் ஏரிக்கிட்ட குதிரை சவாரி விடுறோம், அப்பா காலத்துல இருந்தே இதான் பொழப்பு. ஒரு மட்டக்குதிரை இருக்கு, பெட்டை, வயசு இருபது ஆகப்போகுது, சின்ன புள்ளைங்கள மட்டும் தான் ஏத்துறோம். நாலஞ்சு வருஷமாவே கோடை மழை ஆரம்பிச்சா பிடரியையும் வால் அடியையும் மரத்துல கம்பத்துலன்னு போட்டு தேய்க்கும், தை மாசிக்கு அடங்கிரும். இந்த வருஷம் ரொம்ப மோசம், பிடரி பாதி போயி ரத்தம் கசியுது, உடம்பு முடி வேற உதிராம நீளமா சுருண்டு தொங்குது. "அரிப்பு நிரந்தரமா குணமாகும்"னு போட்ட மூலிகை ஸ்ப்ரே ஆன்லைன்ல 1,450 ரூபாய்க்கு வாங்குனேன், பாதி பாட்டில் போச்சு, ஒன்னும் கேக்கல. மாட்டு மருந்து கடையில உண்ணி மருந்த தண்ணில கலந்து ஊத்துங்கன்னாங்க, இன்னொருத்தர் ஒரு ஊசி போட்டா நின்னுரும்ங்கிறார். ஈ மொய்க்காம குதிரை மேல போத்துற வலைத்துணி, ஈ போர்வைம்பாங்க, அது 9,000 ரூபா சொல்றாங்க. எதத்தான் வாங்குறது? ஸ்ப்ரே காசு திரும்ப வருமா?

பதில்: தம்பி, அந்த உண்ணி மருந்த இன்னும் ஊத்தலைல்ல? லேபிள்ல அமிட்ராஸ்னு போட்டிருந்தா குதிரை பக்கமே கொண்டு போகாதீங்க. மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கிறது தான், ஆனா குதிரைக்கு குடல் ஓட்டத்தையே நிறுத்திரும், வயித்து வலி வந்து உயிருக்கே ஆபத்து. மாட்டுக்கு போடுற ஐவர்மெக்டின்ங்கிற புழு மருந்து ஊசியும் வேணாம், குதிரைக்கு வாயில குடுக்குற பேஸ்ட் தனியா இருக்கு. கடைக்காரர் நல்ல மனசோட தான் சொல்லியிருப்பார், அவருக்கு தெரிஞ்சது மாடு.

இப்ப அரிப்புக்கு வருவோம். மழை வந்தா ஆரம்பிக்கிறது, பிடரியும் வால் அடியும், பனி காலத்துல அடங்குறது, இதெல்லாம் சேர்ந்தா பெரும்பாலும் கியூலிகாய்ட்ஸ்ங்கிற பொடிப்பூச்சி கடிக்கிற அலர்ஜி தான், வெளிநாட்டுல ஸ்வீட் இட்ச்னு சொல்லுவாங்க. பூச்சியோட எச்சில் தான் அந்த குதிரைக்கு ஒத்துக்காது, பக்கத்துல கட்டுன குதிரைய அதே பூச்சி கடிச்சாலும் அது சும்மா நிக்கும். ஒரு தடவ வந்துட்டா வருஷா வருஷம் வரும், அதனால "நிரந்தரமா குணமாகும்"னு எவன் எழுதியிருந்தாலும் அந்த இடத்துலயே பாட்டில கீழ வெச்சுரலாம். காச செலவு பண்ண வேண்டியது பூச்சி உடம்புல உக்காராம பாத்துக்கிறதுக்கு.

அதுக்கு போர்வை நல்ல வழி தான், ஆனா நீங்க சொல்ற ஈ போர்வை ஈக்கு தான். இந்த பூச்சி ஒன்னுல இருந்து மூனு மில்லிமீட்டர் தான் இருக்கும், ஈ போர்வை ஓட்டைல ஜாலியா உள்ள போயிரும். ஸ்வீட் இட்ச் போர்வைனு கேளுங்க, வலை நெருக்கமா இருக்கணும், கழுத்து முழுக்க மூடணும், வாலுக்கு ஒரு மடிப்பும் அடிவயித்துக்கு அகலமான பட்டையும் இருக்கணும், இதுல ஒன்னு இல்லன்னாலும் 9,000 ரூபா தண்டம். நெஞ்சு நடுவுல இருந்து பின்தொடை முடியிற வரைக்கும் டேப் வெச்சு அளந்துட்டு ஆர்டர் போடுங்க, சைஸ் மாத்தி குடுப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. நம்ம ஊர் டெய்லர்கிட்ட நெருக்கமான கொசுவலைத் துணில தைச்சு வாங்குறவங்களும் உண்டு, சீக்கிரம் கிழியும், ஆனா ஒரு சீசன் பாத்துட்டு விலை கூடுன போர்வைய வாங்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு ஃபேன் போடுங்க. இந்த பூச்சிக்கு பறக்க வலு கிடையாது, காத்தடிச்சா கிட்ட வராது. விடியக்காலையும் பொழுது சாயிற நேரமும் தான் அதிகம் கடிக்கும், அந்த நேரம் குதிரைய லாயத்துக்குள்ள கட்டி, வயர் வாய்க்கு எட்டாம உயரத்துல ஃபேன மாட்டுனா பாதி தொல்லை கொறையும். லத்திய குமிச்சு வெக்காதீங்க, சேறு தேங்குற இடத்துல கட்டாதீங்க. பூச வேணும்னா மெடிக்கல்ல சொறிக்கு விக்கிற பென்ஸைல் பென்சோயேட் லோஷன் இருக்கு, விலை கம்மி தான், ஆனா தோல் கிழிஞ்ச இடத்துல பட்டா எரியும், இப்ப இருக்குற நிலைமைல புண்ணு ஆறுன பிறகு டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடுங்க, சேணம் படுற இடத்துல வேணாம்.

எனக்கு பயமா இருக்குறது அந்த நீள முடி தான். வயசான குதிரைல முடி உதிராம சுருண்டு நின்னா குஷிங்ஸ்னு ஒரு ஹார்மோன் நோயா இருக்கலாம், அதுல எதிர்ப்பு சக்தி கொறைஞ்சு தோல் புண்ணு சீக்கிரம் ஆறாது, இந்த வருஷம் மோசமானதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். ரத்தத்துல ஏசிடிஹெச்ங்கிற ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் எடுத்தா தெரியும், தினமும் குடுக்க பெர்கோலைடுனு மாத்திரை இருக்கு. நீங்க சொன்ன "ஒரு ஊசி" அனேகமா ஸ்டீராய்டு தான், நாலு நாள் அரிப்பு நிக்கும், ஆனா குஷிங்ஸ் இருக்குற குதிரைக்கு அத போட்டா குளம்புக்குள்ள வீக்கம் வந்து நிக்கவே முடியாம போகலாம். ரத்த டெஸ்ட் ரிசல்ட் பாக்காம ஊசிக்கு தலையாட்டாதீங்க. அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, நடக்க வெக்க முடியலன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு போன் போடுங்க.

ஸ்ப்ரே காசு விஷயம். விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருள திரும்ப எடுக்க மாட்டேன்னு ஆன்லைன்ல விக்கிறவங்க சொல்ல முடியாது, 2020-ல வந்த ஈ-காமர்ஸ் விதியிலயே இருக்கு. சைட்டோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க, 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு பதில் போடணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். அந்த "நிரந்தரமா குணமாகும்" பக்கத்த இன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, நாளைக்கு மாத்திருவாங்க, மிச்ச பாட்டில கொட்டிராதீங்க. அசையலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்க, அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. "நீ குதிரைய வெச்சு சம்பாதிக்கிற, நீ நுகர்வோரே இல்ல"ன்னு மடக்குவாங்க, மடங்காதீங்க, சொந்த உழைப்புல வயித்து பொழப்புக்கு மட்டும் வாங்குன பொருள்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்களும் நுகர்வோர் தான்.

கேள்வி: ஊட்டில இருந்து எழுதுறேன், எங்க குதிரை வால மட்டும் தான் தேய்க்குது, வருஷம் பூரா. அதுக்கும் போர்வை தானா?

பதில்: வேணாம் சார், காச மிச்சம் பண்ணுங்க. வால தூக்கி ஆசன வாய சுத்தி மஞ்சளா பசை மாதிரி ஒட்டியிருக்கான்னு பாருங்க, இருந்தா அது ஊசிப்புழு முட்டையா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொன்னா டேப் ஒட்டி எடுத்து பாத்துருவாங்க, டாக்டர் குடுக்குற குடல் புழு மருந்தோட அந்த இடத்த தினமும் தொடைச்சும் விடணும், தொடைச்ச துணிய எரிச்சுருங்க. பெட்டைக் குதிரைன்னா மடிக்காம்பு ரெண்டுக்கும் நடுவுல விரல் விட்டு பாருங்க, கருப்பா மெழுகு மாதிரி அழுக்கு சேந்திருக்கும், அதுக்கே வால தேய்க்கிற குதிரைங்க நிறைய. வெதுவெதுப்பான தண்ணி போதும், பக்கத்துல நின்னு செய்யுங்க, பின்னாடி நின்னா உதை வாங்குவீங்க.