பித்தப்பைக் கல்: துளை வழியாகவா, வெட்டித் திறந்தா?

நீர்வேலியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 58 வயது. பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கானில் தெரிந்தது. அடிக்கடி வலி வருகிறது. துளை போட்டு எடுக்கலாம், தேவைப்பட்டால் வெட்டித் திறப்போம் என்று சொல்லி வைத்தியர் கையெழுத்துக் கேட்கிறார். எது நல்லது? எப்போது அம்மா மீண்டும் வெங்காயத் தோட்டத்தில் இறங்கலாம்?"

முதலில் முயல வேண்டியது லப்பரொஸ்கொப்பி எனப்படும் துளை முறைதான். தொப்புளருகே ஒன்றும் மேல்வயிற்றில் மூன்றுமாக, 5 முதல் 10 மில்லிமீற்றர் அளவான துளைகள் இட்டு, காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்பவைத்து, உள்ளே செலுத்திய கமெரா காட்டும் திரையைப் பார்த்தபடியே பித்தப்பையை ஈரலிலிருந்து பிரித்தெடுப்பார்கள். பெரும்பாலானோர் மறுநாளே வீடு திரும்பிவிடுவர். திறந்த முறையில் வலது விலாவின் கீழ் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை வெட்டவேண்டியிருப்பதால் வலி கூடுதல். சில நாட்கள் வைத்தியசாலை விடுதியில் தங்கவும் வேண்டும். இரண்டுக்கும் முழு மயக்கம் தேவை.

அப்படியானால் ஏன் அந்தக் கையெழுத்து? பித்தப்பையிலிருந்து வரும் சிறு குழாய், ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுசெல்லும் பெருங்குழாயில் சேர்கிறது. அழற்சியால் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் ஒன்றை மற்றதென்று மயங்க இடமுண்டு. பெருங்குழாய் அறுபட்டால் அதைச் சீர்செய்வது பெரும்பாடு. ஆகவே பித்தப்பைக்குள் நுழைபவை அச்சிறு குழாயும் ஒரு நாடியும் (இரத்தக்குழாய்) மட்டுமே என்று தெளிவாகக் கண்ட பின்னரே கிளிப் போட்டு அறுக்கவேண்டும். அந்தத் தெளிவு கிடைக்காதபோது வயிற்றைத் திறப்பதையோ, பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவைப்பதையோ தோல்வி என்று எண்ணாதீர்கள். என் பார்வையில் அது நல்ல சத்திரசிகிச்சை நிபுணரின் அடையாளம். தயங்காமல் கையெழுத்திடுங்கள். அம்மாவுக்கு முன்னர் வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவரென்றால், அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

துளை முறைக்குப் பின் தோள்மூட்டு வலிக்கக்கூடும். பலர் இதயக் கோளாறோ என்று பதறுகிறார்கள்; உள்ளே எஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதே வழக்கமான காரணம், எழுந்து நடக்க ஓரிரு நாளில் தணியும்.

துளை முறையென்றால் ஓரிரு வாரத்தில் சமையல் முதலான வீட்டுவேலைகளைச் செய்யலாம். மண்வெட்டி பிடிப்பதையும் வெங்காய மூட்டை தூக்குவதையும் ஒரு மாதமாவது தள்ளிவைக்கட்டும். திறந்த முறையென்றால் ஆறு முதல் எட்டு வாரம். வீடு வந்தபின் காய்ச்சலோ, கண் மஞ்சளாவதோ, வயிற்றுவலி கூடுவதோ கண்டால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள்.