நேபாளத்தில் ஓர் இளம் கால்பந்து வீரரின் தொழில்முறை வாழ்க்கை எப்படித் தொடங்குகிறது?

பந்தாட்டமே பிழைப்பு, அதற்குச் சம்பளம், கையில் ஒப்பந்தம். இவை இருந்தால் அவர் தொழில்முறை வீரர். நேபாளத்தில் சிக்கல் அந்தச் சம்பளத்தில்தான். முதல்நிலை லீக்கான 'ஏ' டிவிஷன் பெரும்பாலும் காத்மாண்டு கிளப்புகளைச் சுற்றியே நடக்கிறது. அதுவும் ஆண்டு முழுக்க நடப்பதில்லை. முகூர்த்த நாட்களில் மட்டும் கூப்பிடப்படும் சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பக்குவத்தில் குறையில்லை, ஆனால் ஆடி மாதத்தில் அடுப்பு எரியாது.

அதனால்தான் பலர் ராணுவம், போலீஸ், ஆயுதக் காவல் படை அணிகளை நாடுகிறார்கள். அங்கே ஆட்டத்தோடு அரசு வேலையும் உண்டு. வீட்டில் அம்மா அப்பா எதைச் சொல்வார்கள் என்று சொல்லவா வேண்டும்!

இன்னொரு வழி வெளிநாடு. ரோஹித் சந்த் நேபாளக் கால்பந்து சங்கத்தின் அகாதமியில் வளர்ந்தவர். பெங்களூரின் எச்.ஏ.எல். அணிக்கு ஆடினார், அப்புறம் இந்தோனேசியா போனார். 2018-இல் பெர்சிஜா ஜகார்த்தா கிளப் அந்நாட்டு லீக் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். என்னைக் கேட்டால், சிறு வயதிலேயே வெளியே கிளம்பியதுதான் அவர் எடுத்த சரியான முடிவு.

தேசிய அணியில் ஆடிவிட்டாலே வருமானம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மாதச் சம்பளம் தருவது கிளப்; தேசிய அணியோ, ஆட்டங்களுக்கு மட்டும்தான் அழைக்கும்.