செவ்வாய் ஊர்தியை ராக்கெட்டில் ஏற்றுமுன் ஏன் அத்தனை சுத்தம்?

வேறொரு கோளுக்குப் பூமியின் நுண்ணுயிரிகள் தொற்றிச் செல்லாமல் தடுக்கும் ஏற்பாட்டைக் கோள் பாதுகாப்பு என்கிறார்கள். 2020 ஜூலை 30 அன்று புறப்பட்ட நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி இதற்கு நல்ல உதாரணம். செவ்வாயில் பழங்கால உயிர்களின் தடயத்தைத் தேடுவதே அதன் வேலை. நம் கையில் ஒட்டியிருந்த பாக்டீரியாவும் கூடவே போய்விட்டால், கிடைத்த தடயம் யாருடையது என்று எப்படிச் சொல்வது? அத்தனை உழைப்பும் வீண்.

ஊறுகாய் போடுமுன் ஜாடியைக் கழுவி, ஈரம் போக வெயிலில் காய வைக்கிறோமே, அதே கவலைதான்.

கலிபோர்னியாவில், வடிகட்டிய காற்று ஓடும் தூய அறையில், உடல் முழுதும் மூடிய வெள்ளை உடையில் பொறியாளர்கள் அதன் பாகங்களை ஒன்றுசேர்த்தார்கள். பரப்புகளை ஆல்கஹாலில் நனைத்த துணியால் மறுபடி மறுபடி துடைத்தார்கள். சூடு தாங்கும் பாகங்களை 110 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினார்கள். என்னை வியக்க வைப்பவை அதன் 43 மாதிரிக் குழாய்கள். அவற்றில் 5 குழாய்கள் பாறையை அள்ளுவதற்கே அல்ல. பூமியிலிருந்து ஏதேனும் அழுக்கு வந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் சாட்சிகள் அவை.

ஒரு நுண்ணுயிரிகூட இல்லாமல்தான் அனுப்புகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, விண்கலம் முழுவதற்கும் சேர்த்து 5 லட்சம் பாக்டீரியா வித்துகள் (கடும் சூழலைத் தாங்க உறங்குநிலைக்குப் போன பாக்டீரியாக்கள்) என்ற உச்சவரம்புதான் விதி.