மூடன் என்றால் யார்? கேட்டவர்களுக்குப் பதில்

கல்லடித் தம்பி: அண்ணன், பைபிளின் நீதிமொழிகள் புத்தகத்தில் மூடன், மூடன் என்று வருவது படிக்காதவனையா?

இல்லை தம்பி. ஓ.எல் பரீட்சையில் பெயிலானவனைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை. எபிரேயத்தில் இதற்குப் பல சொற்கள்: பெத்தி என்றால் எதையும் நம்பிவிடுகிற அப்பாவி, கெசீல் என்றால் எவ்வளவு சொன்னாலும் ஏறாதவன், நாபால் என்றால் இவர்களைவிட மோசம். பைபிளின் இன்னொரு புத்தகமான 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் நாபால் என்ற பெயரிலேயே ஒரு காசுக்காரன் வருகிறான், 3000 செம்மறியும் 1000 வெள்ளாடும் வைத்திருந்தவன். அவன் மந்தைக்குக் காவலாக நின்ற, பின்னாளில் ராஜாவான தாவீதின் ஆட்கள், மயிர் கத்தரிக்கிற கொண்டாட்ட நாளில் சாப்பாடு கேட்டு வந்தால், யார் அந்தத் தாவீது என்று ஏசி விரட்டுகிறான். 400 பேர் வாளோடு புறப்பட்டுவிட்டார்கள். மனைவி அபிகாயில் 200 அப்பத்தோடு மற்றச் சாமானையும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு ஓடியதால்தான் வீடு தப்பியது.

களுவாஞ்சிக்குடி அக்கா: எங்கள் வீட்டுக்காரர் நான் கதைத்து முடிக்கவே விடமாட்டார். இதுவும் அதில் சேருமா?

சேரும் அக்கா, நீதிமொழிகள் 18:13, அதாவது 18ஆம் அதிகாரம் 13ஆம் வசனம், நேரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அவரை மட்டும் ஏசாதீர்கள், நானும் அந்த ஆள்தான். போன கிழமை மகள் "அப்பா, உங்கட போன்..." என்று தொடங்கினாள், விழுத்தி உடைத்துப்போட்டாள் என்று நினைத்துக் கத்தினேன். பிள்ளை பேசாமல் போய்ச் சார்ஜில் கிடந்த போனைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். 12:16 மூடனின் கோபம் அன்றைக்கே தெரிந்துவிடும் என்கிறது. எனக்கு அரை நிமிஷமும் எடுக்கவில்லை.

திருக்கோவிலிலிருந்து ஒருவர்: மச்சான் ஓட்டோ லீசிங்குக்குப் பிணை நிற்கக் கேட்கிறான். "சைன்தானே" என்கிறான்.

புத்தியில்லாதவன்தான் பிணை நிற்பான் என்கிற 17:18ஐ வாசித்துவிட்டுப் பேனையைத் தொடுங்கள். அவன் ஒரு தவணையும் கட்டாவிட்டால் முழுக்காசையும் நீங்கள் கட்ட முடியுமா? முடியாதென்றால் வேண்டாம், மச்சான் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், அவ்வளவுதான். ஏற்கெனவே சைன் வைத்துவிட்டால் 6ஆம் அதிகாரம், நித்திரை கொள்ளாமல் போய்க் கெஞ்சியாவது கழன்றுகொள் என்கிறது.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்: 26:4 மூடனுக்குப் பதில் சொல்லாதே, 26:5 பதில் சொல். எதைச் செய்வது?

இரண்டையும். வேண்டுமென்றே பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். பேஸ்புக்கில் அவன் தூஷணத்தில் எழுதினால் நீங்களும் தூஷணத்தில் இறங்க வேண்டாம், அது 4. அவன் சொல்வதை நம்பி ஊர்ச்சனம் கண்ட கண்ட மருந்தைக் குடிக்கப் பார்த்தால் ஒரு தடவை தெளிவாக எழுதுங்கள், அது 5. அப்புறம் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.