குருகின் கால்

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசகர் வட்டத்தில் கதைகளைப் பற்றிப் பேசும்போது, 'இந்தக் காகம் மரணத்தின் குறியீடு, இந்தக் கதவு விடுதலையின் குறியீடு' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தோன்றுவதே இல்லை. எது எதைக் குறிக்கும் என்று தெரிந்துகொள்ள ஏதாவது பட்டியல் இருக்கிறதா? இல்லை, எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வாசிப்பில் கோளாறு ஒன்றும் இல்லை.

சிக்னலில் சிவப்பு எரிந்தால் நிற்கிறோம். கல்யாண வீட்டு வாசலில் குலைதள்ளிய வாழை கட்டுகிறோம். இவையெல்லாம் ஊர்கூடி ஒப்புக்கொண்ட அடையாளங்கள்; இவற்றுக்குப் பட்டியல் போடலாம். கவிதைக்குள் வருவதற்கு அது சரிப்படாது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாடியது, ஐந்தே வரி. தலைவன் தன்னைக் களவில் கூடியபோது அங்கே வேறு யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அப்புறம், ஏதோ நினைவு வந்தவள்போல, 'குருகும் உண்டு' என்கிறாள். தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு, கொக்கு போன்ற ஒரு நீர்ப்பறவை.

இது எதன் குறியீடு? சாட்சி என்று சொல்லலாம். ஆனால் அதன் கண் மீன்மேல், எதையும் கவனித்திருக்காது. கவனித்திருந்தாலும் வந்து சொல்லப்போவதில்லை. காரியத்திலேயே கண்ணாக நிற்கும் அது தலைவன்தானோ, அப்படியானால் மீன் இவளோ என்றும் தோன்றும். இருபது வயதில் எனக்குச் சாட்சி மட்டும்தான் பிடிபட்டது. அந்தக் கால் ஏன் இவளுக்கு இத்தனை துல்லியமாக ஞாபகம் இருக்கிறது என்று நாற்பதுக்கு மேல்தான் யோசித்தேன். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க வெட்கப்பட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ!

நீங்கள் கேட்கும் பட்டியல் ஒருவகையில் நம்மிடமும் உண்டு. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்று திணைதோறும் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்தாலும் கபிலரின் குருகு கையில் சிக்காது. இன்னொன்று: ஒன்றைச் சொல்லி வேறொன்றை உள்ளே மறைத்து வைக்கும் உள்ளுறை உவமத்துக்கு, அந்தந்த நிலத்துக்கு உரிய கருப்பொருள்களில் தெய்வம் மட்டும் ஆகாது என்கிறது தொல்காப்பியம். பறவை, விலங்கு, மரம் எல்லாம் ஆகும். எனக்குத் தோன்றும் காரணம், தெய்வம் என்றதும் எல்லாரும் ஒரே அர்த்தத்துக்குக் கும்பிட்டு நின்றுவிடுவார்கள் என்பதுதான்.

அடுத்த கூட்டத்தில் யாராவது காகம் என்றால் மரணம் என்று ஆரம்பித்தால், அது எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தது, என்ன தின்றுகொண்டிருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்.