எட்டு வீடு என்றால் ரெரா வேண்டாமா?

கேள்வி: கிண்டியில் வேலை, மாம்பலத்தில் வாடகை கட்டி மாளவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒட்டியபடி எட்டு டூப்ளெக்ஸ் வீடுகள் கட்டுகிறார்கள். ஒன்று 46 லட்சம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேட்டால், “எட்டு வீட்டுக்கெல்லாம் ரெரா தேவையில்லை சார்” என்கிறார் புரோக்கர். வெள்ளிக்கிழமைக்குள் 8 லட்சம் அட்வான்ஸ் வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வீடு நல்ல வீடாகவே இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை என்று கெடு வைப்பதே நீங்கள் பத்திரங்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான்.

புரோக்கர் சொன்னது பாதி உண்மை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டால் ரெரா பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் இரண்டேகால் கிரவுண்ட். ஆனால் எட்டு என்ற கணக்கு, அதே திட்டத்தில் பின்னால் கட்டப்போகும் கட்டங்களையும் எல்லாம் சேர்த்து எட்டு. இந்த வரி மட்டும் புரோக்கர்கள் வாயில் வருவதே இல்லை. 24 வீடு கட்ட இடம் இருக்கும். முதல் எட்டு பில்டர் பெயரில், அடுத்த எட்டு அவர் மனைவி பெயரில், மிச்சம் மைத்துனர் பெயரில். கேட் ஒன்று, ரோடு ஒன்று, போர்வெல் ஒன்று, விளம்பரப் போர்டும் ஒன்று. காகிதத்தில் மட்டும் மூன்று திட்டம்!

ஞாயிற்றுக்கிழமை நீங்களே போங்கள், புரோக்கர் இல்லாமல். எட்டாவது வீட்டின் கடைசிச் சுவரைப் பாருங்கள். பூசாமல், கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒன்பதாவது வீடு வருகிறது என்று அர்த்தம். அங்கிருக்கும் மேஸ்திரியிடம் “அந்தப் பக்கம் எப்ப ஆரம்பிக்கறீங்க?” என்று சும்மா கேளுங்கள், ஒளிக்காமல் சொல்லிவிடுவார். உண்மையிலேயே எட்டு வீடு மட்டும்தான் என்றால் விலக்கு நியாயமானதே, பில்டர் மேல் குற்றமில்லை. ஆனால் பதிவான திட்டத்தில் வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டுமானத்துக்கும் நிலத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். இங்கே அந்தக் காவல் இல்லை. உங்கள் பணம் மறைமலை நகரில் வேறொரு அஸ்திவாரத்துக்குப் போனால் கேட்க ஆளில்லை.

இன்னொன்று. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அதே சட்டம். உங்கள் வீட்டுக்கு அது 4.6 லட்சம். சும்மா ஒரு முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு 8 லட்சம் கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். எந்த அட்வான்ஸையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சொத்துக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு வருமான வரித்துறை அபராதம் போடும். உங்களிடமோ கொடுத்ததற்கு அத்தாட்சியே இருக்காது.

ரெரா வேண்டாம் என்றால் பிளான் அனுமதியும் வேண்டாம் என்று ஆகாது. பஞ்சாயத்துத் தலைவர் முத்திரையைக் காட்டினால் மயங்காதீர்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணும் வரைபடமும் கேளுங்கள். வரைபடத்தில் எத்தனை வீடு, தரையில் எத்தனை என்று எண்ணுங்கள்.

அதைவிட முக்கியம் நிலம். பக்கத்துச் சுவர் பொது என்றால், உங்கள் பத்திரத்தில் நான்கு எல்லை குறித்த தனி மனை வருகிறதா, மொத்த நிலத்தில் பிரிபடாத பங்கு மட்டும் வருகிறதா? தனி வீடு என்று விளம்பரம் செய்துவிட்டு, கிரயப் பத்திரத்தில் அபார்ட்மென்ட் மாதிரி பங்கு எழுதிக் கொடுப்பது இந்தத் தடத்தில் சகஜம். பங்கு என்றால் நாளைக்கு மாடி எழுப்ப ஏழு வீட்டுக்காரர்களின் சம்மதம் தேடி அலைவீர்கள்.

30 வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரத்தின் (நிலத்தின் முந்தைய பத்திரம்) அசல், பட்டா, மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். விற்பவர் பவர் ஏஜென்ட் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். பதிவாகிவிட்டால் உரிமை சுத்தம் என்று நினைக்காதீர்கள். பத்திரம் ஓர் அலுவலகத்தில், பட்டா இன்னோர் அலுவலகத்தில், வரைபடம் மூன்றாவதில். மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வேலையை, மூவருக்கும் கட்டணம் கட்டுகிற உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஆன்லைன் என்று அறிவிக்கிறார்கள். உட்பிரிவு செய்ய சர்வேயர் எப்போது வருவார் என்பதை எந்த ஆன்லைனும் சொல்வதில்லை.

கடைசியாகக் கடன். “90 சதவீதம் லோன் முடிச்சுத் தரேன்” என்பார் புரோக்கர். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்குத்தான் அது. அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமே. ஆக உங்களுக்கு 36.8 லட்சம்; கைக்காசு 9.2 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 சதவீதம், அதாவது ஏறத்தாழ 4.14 லட்சம் தனி. இதை வங்கி கணக்கில் சேர்க்காது. கிட்டத்தட்ட 13 லட்சத்து 35 ஆயிரம் கையில் இருக்கிறதா? இல்லையென்றால், விலையைக் கூட்டி ஒப்பந்தம் எழுதி அதிகக் கடன் வாங்கலாம் என்று யோசனை சொல்வார். அது வங்கியை ஏமாற்றுவது; மாட்டினால் கையெழுத்து உங்களுடையது, புரோக்கருடையதல்ல.

சட்டக் கருத்துக்குப் புரோக்கர் காட்டும் வக்கீலிடம் போகாதீர்கள். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்றுதான். ஆனாலும் அவர் கொடுத்த கருத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மாட்டோம் என்பார்கள். விடாதீர்கள், அதற்கான கட்டணத்தை உங்களிடம்தான் வசூலித்திருக்கிறார்கள்.